மேயாத மாடுகள்

அத்தியாயம் 6

சபாபதி புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கால் மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சாலை வளைவில், மழைமரத்தின் அடியில், முழங்கால் உயரத்துக்கு வளர்ந்த புல். அதில் ஓரிடத்தைச் சுற்றிப் போலீஸார் நான்கு முளைகள் அடித்திருந்தார்கள்.

“பசிக்குதுன்னா சொல்லுங்கண்ணே,” என்றான் கிரிகரி. “கடையில வடை இருக்கு. இவ்வளவு தூரம் இறங்க வேண்டாம்.”

“கடிச்ச தடம் இருக்கா பார்.”

கிரிகரி குனிந்தான். செந்தூல் ரயில் பட்டறையில் வாய்க்காக வேலை போனவன். கண் நல்ல கண். அதனால் சபாபதி அவனை வைத்துக்கொண்டிருந்தார்.

“இல்ல. ஒரு நுனிகூட இல்ல.”

“எதிர்ப்பக்கம்?”

“முனியாண்டி கோயில் பக்கமா? அங்க மொட்டை. பழனிக்குப் போய் வந்த மாதிரி இருக்கு.”

“சாணம்?”

“அதையும் தேடிட்டேன். எங்கம்மா என்னைப் பெத்ததே இதுக்குத்தான். இந்தப் பக்கம் ஒரு துளி கிடையாது. அள்ளின தடமும் கிடையாது.”

சபாபதி சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். குற்றப் பத்திரிகையின் நகல். அவருக்கு மனப்பாடம். இருந்தாலும் மறுபடி படித்தார்.

1934 ஆகஸ்டு 14, செவ்வாய்க்கிழமை. கிள்ளான் ரோடு, பதினோராம் கட்டை, அதாவது பதினோராவது மைல்கல். காலை பதினோரு மணிக்கு இந்த வளைவில் புஷ்பவல்லி என்ற, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் பெண் மோட்டார் மோதி இறந்தாள். மோட்டாரை ஓட்டியவர் தோட்டத்து ஆபீஸின் தலைமைக் கணக்கர், பெரிய கிராணி ராதாகிருஷ்ணன். ஆனால் லாக்கப்பில் கிடப்பவன் மாட்டு வண்டிக்காரன் பக்கிரிசாமி. அவனுடைய வண்டி ஒன்பது மணியிலிருந்து மழைமரத்துப் பக்கம், வளைவிலேயே, மோட்டார் வரும் வழியை மறித்து நின்றதாம். அதைத் தவிர்க்கக் கிராணி ஒதுங்கினாராம். வண்டிக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் வந்துவிட்டாளாம். சாட்சிகள் மூன்று பேர்.

இன்று வியாழன். நாளைக் காலை பத்து மணிக்குக் கிள்ளான் கோர்ட்டில் விசாரணை. குற்றம் உறுதியானால் இரண்டு வருஷம்.

“ரெண்டு மாடு,” என்றார் சபாபதி. “ரெண்டு மணி நேரம்.”

“மூக்குக்கு நேரா இந்தப் புல்லு. தொடவே இல்ல. தபசு காலத்துல எங்கம்மாகூட இவ்வளவு கண்டிப்பா இருந்ததில்லண்ணே.”

“பக்கிரிசாமி வேதக்காரன் இல்லை.”

“அப்ப கார்த்திகை விரதம்.”

சபாபதி சிரிக்கவில்லை. தாளை மடித்தார். வண்டி இங்கே நிற்கவில்லை என்று புல் சொன்னது. போலீஸார் வந்தபோது வண்டி இங்கேதான் நின்றது. அதற்கு முன் எங்கே நின்றது, யார் நகர்த்தினார்கள், ஏன். அவ்வளவுதான் வழக்கு.

பக்கிரிசாமியைக் கேட்டால் தெரிந்திருக்கும். நேற்று லாக்கப்பில் கேட்டார்கள். அவன் தரையைப் பார்த்தபடி எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றான். வண்டி மழைமரத்துப் பக்கம் நின்றதா? ஆமாம். ஒன்பது மணியிலிருந்தா? ஆமாம். உன் பெயர் கிரிகரியா என்று கிரிகரி கேட்டான். அதற்கும் ஆமாம் என்றான்.

*

ஹாரன் சத்தம் கேட்டது. கறுப்பு மோட்டார் ஒன்று மெதுவாக வந்து, கோயில் பக்கம், வேல் கம்பி வேலிக்கு முன்னால், வெள்ளையடித்த கற்களுக்குள் ஒழுங்காக நின்றது. இறங்கியவர் ராதாகிருஷ்ணன். வெள்ளைக் கோட்டு. கையில் தொப்பி. நெற்றியில் சந்தனம்.

“மிஸ்டர் சபாபதி? பிரிக்பீல்ட்ஸ்லேர்ந்து துப்பறியறவர் வந்திருக்கார்னு சொன்னாங்க. ரயில்ல டிக்கெட் பார்த்துக்கிட்டு இருந்தீங்களாமே.”

“பதினெட்டு வருஷம்.”

“நல்லது. ஒழுங்குன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும்.” அவர் கையை நீட்டிச் சாலையோரத்தில் நின்ற பலகையைக் காட்டினார். வேகம் மணிக்குப் பதினைந்து மைல். வண்டிகள் கோயில் பக்கம் மட்டும் நிற்கலாம். ரோட்டுக் கமிட்டி. நான்கு மொழிகளில் எழுதியிருந்தது. “நான்தான் கமிட்டித் தலைவர். பலகை என் யோசனை. வெள்ளைக் கல்லும் என் யோசனை. வண்டிக்காரனுங்க நாலு பேருக்கு நானே அபராதம் வாங்கிக் குடுத்திருக்கேன். நம்ம ஜனங்களுக்கு ரோடுன்னா புரியறதில்ல. தன் வீட்டு வாசல்னு நெனைப்பு. கோழி மேயுது, பாய் காயுது, வண்டி நிக்குது. இப்ப ஒரு பொம்பளை போயிட்டா. இனிமேலாச்சும் புத்தி வரும்.”

“செத்தவங்களுக்கு நிச்சயமா வரும்,” என்றான் கிரிகரி.

கிராணி அவனைப் பார்த்தார். பிறகு பார்க்காத மாதிரி இருந்தார்.

“போலீஸைக் கூப்பிடப் போனது யார்?” என்றார் சபாபதி.

“நானேதான். வேற யாருக்கு அந்தப் பொறுப்பு இருக்கு? பதினொண்ணு பத்துக்குக் கெளம்பினேன். முக்காலுக்குக் கிள்ளான் ஸ்டேஷன்ல இருந்தேன். அங்க எழுதியே வெச்சிருக்காங்க.”

“தனியாகவா போனீங்க?”

“தனியா.”

“எத்தனை மைல்?”

“ஒம்பது.” அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். “சாட்சிங்களைப் பார்க்கணும்னா தாராளமாப் பாருங்க. மண்டோர் ரெங்கசாமி, சீதாலெட்சுமி, பவுனம்மாள். பொய் சொல்லத் தெரியாத ஜனங்க.”

மோட்டார் புறப்பட்டது. வளைவு தாண்டும்வரை மெதுவாகப் போனது. தாண்டியதும் எஞ்சின் சத்தம் மாறியது.

கிரிகரி துப்பினான்.

“சந்தனம் வாசனையா இருந்துச்சு இல்ல?” என்றான்.

*

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக் குழாயடியில் தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது. பக்கத்துச் சாக்கடையில் சோறு ஊறிக் கிடந்தது. இரண்டு பெண்கள் குடங்களோடு நின்றார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல். ஒல்லியானவள் சீதாலெட்சுமி. மூக்குத்தி போட்டவள் பவுனம்மாள்.

போகும் வழியிலேயே சபாபதி சொல்லியிருந்தார்:

“ரயில்ல, டிக்கெட் இருக்கான்னு கேட்டா எல்லாரும் பையைத் துழாவுவாங்க. பொழுது போயிடும். இது யார் இடம்னு கேக்கணும். ரெண்டு பேர் சண்டைக்கு வருவாங்க. மிச்சம் தானா வரும்.”

குழாயடியில் அவர் தொப்பியைக் கழற்றினார்.

“செவ்வாய்க்கிழமை பக்கிரிசாமி வண்டி எங்கேம்மா நின்னுது?”

“மழைமரத்துப் பக்கங்கய்யா,” என்றாள் சீதாலெட்சுமி.

“ஒம்பது மணிலேர்ந்துங்கய்யா,” என்றாள் பவுனம்மாள்.

வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரல். அடுத்த வரி எதுவென்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

“சரி.” சபாபதி லயத்தைத் திரும்பிப் பார்த்தார். “அந்த மூணாவது வீட்டு வாசல் நல்லா மெழுகியிருக்கு. யார் வீடு?”

“என் வீடுதானுங்க,” என்றாள் பவுனம்மாள்.

“புதுச் சாணம். செவ்வாய்க்கிழமை பக்கிரிசாமி மாட்டுச் சாணத்தை மொதல்ல பார்த்தது நீங்கதான்னு கடையில சொன்னாங்க.”

சீதாலெட்சுமி குடத்தைக் கீழே வைத்தாள்.

“எவன் சொன்னான்? எந்த நாறவாய் சொன்னான்?”

“கடையில—”

“பத்து மணிக்கு நான் குச்சி நட்டேன்! மூணு குச்சி! மரத்துப் பால் நிறுத்துட்டு வரும்போதே நட்டுட்டு, கூடை எடுக்க வந்தேன். திரும்பிப் போறதுக்குள்ள இந்தப் பீத்தக் கழுத புடுங்கிப் போட்டுட்டு அள்ளிட்டுப் போயிருக்கா.”

பதினோராம் கட்டையில் மாடு வைத்திருப்பவன் பக்கிரிசாமி ஒருவன். வாசல்கள் நாற்பது. சாணத்தில் யார் குச்சி நடுகிறாளோ சாணம் அவளுடையது. அதை மீறியவள் வீட்டுக் கலியாணத்துக்குக்கூடப் போகமாட்டார்கள்.

“யாருடி கழுத? குச்சி எங்க இருந்துச்சு? காட்டு, குச்சி எங்க இருந்துச்சு?” பவுனம்மாள் கொண்டையை அவிழ்த்து முடிந்தாள். “வேல் கம்பிக்கு அந்தாண்ட போட்டது பூசாரிக்கு, இந்தாண்ட போட்டது பார்த்தவளுக்குன்னு இந்த ஊருக்கே தெரியும்!”

“வேல் கம்பிக்கு இந்தாண்டதான்டி போட்டுச்சு! செவலை வேல் கம்பிக்கு இந்தாண்ட, மயிலை வெள்ளைக் கல்லுகிட்ட. பக்கிரி அண்ணன் சக்கரத்துல கட்டிப்போட்டு வைக்கோல் போட்டிருந்துச்சு. மாட்டு மூத்திரம் என் கால்ல தெறிச்சுச்சு. நான் பொய் சொல்றேனா?”

“பத்து மணிக்கா?” என்றார் சபாபதி.

“பத்து மணிக்கு!”

“முனியாண்டி கோயில் பக்கம்.”

“கோயில்—”

அவள் நிறுத்திக்கொண்டாள். பவுனம்மாளின் கை கொண்டையிலேயே நின்றது. குழாய் மட்டும் ஒழுகியது.

கிரிகரி மெதுவாகச் சொன்னான்: “மாடு ஒரு பக்கம் நின்னு இன்னொரு பக்கம் சாணி போடணும்னா, ரோடு இருபது அடி.”

சீதாலெட்சுமிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் சபாபதியின் காலைத் தொட வந்தாள். அவர் விலகினார்.

“ஐயா, அதை எழுதிடாதீங்க. பக்கிரி அண்ணனுக்கு ஆறு வருஷம் போயிடும்.”

“என்னம்மா சொல்றீங்க? கோயில் பக்கம் நின்னா அது சரியான இடம். பலகையிலேயே எழுதியிருக்கு. அது தெரிஞ்சா அவனை விட்டுடுவாங்க.”

“உங்களுக்குத் தெரியாதுங்கய்யா.”

அவள் குடத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள். பவுனம்மாள் அந்தக் குடத்தையும் எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனாள்.

“புரியலண்ணே,” என்றான் கிரிகரி. “காப்பாத்தற விஷயத்தை மறைச்சு வெச்சுட்டு, காப்பாத்தறோம்ங்கறாங்க.”

“கிராணிக்குப் பயப்படலை. கவனிச்சியா? பக்கிரிசாமிக்காகப் பயப்படறாங்க.”

*

வண்டி கோயிலுக்குப் பின்னால் நின்றது. போலீஸார் பார்த்து முடித்ததும் யாரோ தள்ளிக்கொண்டு வந்து விட்டிருந்தார்கள். விறகு வண்டி. சக்கரத்தில் ஒரு வருஷத்துச் சேறு அப்பியிருந்தது. நுகத்தில் பிசுக்கு.

கிரிகரி மேலே ஏறினான்.

“அண்ணே, பலகை வெள்ளையா இருக்கு.”

சபாபதி எட்டிப் பார்த்தார். அடிப்பலகை முழுதும் தேய்த்துக் கழுவப்பட்டிருந்தது. தேங்காய் நார் தேய்த்த கோடுகள் தெரிந்தன. சாம்பல் வாடை.

“குளிக்காதவன் மூஞ்சிக்கு மட்டும் பவுடர் போட்ட மாதிரி,” என்றான் கிரிகரி. “விறகு வண்டியை யார் கழுவுவாங்க?”

“இடுக்கில பார்.”

கிரிகரி பேனாக்கத்தியைப் பலகைகளின் இடுக்கில் விட்டு இழுத்தான். நான்காவது இடுக்கில் ஏதோ மாட்டியது. ரப்பர் இழை. பால்மரம் வெட்டுகிறவர்களின் துணியிலும் தலையிலும் ஒட்டிக் காய்ந்து கிடக்கிற ஒட்டுப்பால். இழுக்க இழுக்க நீண்டது. அதோடு நீளமான முடி நாலைந்து வந்தது. முடியின் அடியில் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது.

கிரிகரி கத்தியைக் கீழே வைத்தான். கையைக் கால்சட்டையில் துடைத்தான். மறுபடி துடைத்தான்.

“விறகுக்கு முடி கிடையாது,” என்றார் சபாபதி.

*

இராஜம்மா தொழுவத்தில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். பக்கிரிசாமியின் மனைவி. முந்தாநாள் மாலை பஸ் ஏறிப் பிரிக்பீல்ட்ஸ் வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து அழுது, இந்த வழக்கை அவர்களிடம் கொடுத்தவள் அவள்தான்.

“வண்டியைக் கழுவினது நீங்களா?” என்றார் சபாபதி.

வாளி கையிலேயே இருந்தது. மாடு அதில் தலையை விட்டுக் குடித்தது.

“எங்ககிட்ட வந்து மோட்டார் வேகமா வந்துச்சுன்னு சொன்னீங்க. மிச்சத்தைச் சொல்லலை. புஷ்பவல்லி அந்த வண்டியில படுத்திருந்தா.”

“நீங்க எங்களைக் காப்பாத்தத்தானே வந்தீங்க?” என்றாள் அவள். “இதை ஏன் தோண்டறீங்க?”

“நாளைக்குப் பத்து மணிக்குள்ள இது எனக்கு வேணும்.”

அவள் வாளியைக் கீழே வைத்தாள். உட்கார்ந்தாள்.

அவள் சொன்னது இது: செவ்வாய்க்கிழமை மோட்டார் பறந்து வந்தது. வளைவில் ஓரத்துக்குப் போய், மழைமரத்துப் பக்கம் நடந்து வந்த புஷ்பவல்லியை அடித்தது. கோயில் பக்கம் மாட்டைப் பூட்டிப் புறப்படத் தயாராக இருந்த பக்கிரிசாமி ஓடினான். அவளுக்கு உயிர் இருந்தது. கிராணியிடம், மோட்டாரில் ஏற்றிக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னான். கிராணி இடமில்லை என்றார்.

“இடமில்லையா?” என்றான் கிரிகரி. “தனியாத்தானே இருந்தாரு?”

“ரத்தம் படும்னு நெனைச்சாரோ என்னமோ. எனக்குத் தெரியாதுங்க.”

பக்கிரிசாமி மோட்டாரை நம்பவில்லை. வண்டியைக் குறுக்கே ஓட்டிக்கொண்டு போய் மழைமரத்துப் பக்கம் அவள் அருகில் நிறுத்தினான். தூக்கிப் பலகையில் படுக்க வைத்தான். அப்போதுதான் கிராணி சொன்னார்: அடிபட்டவர்களைப் போலீஸ் வருவதற்கு முன்னால் தொட்டு நகர்த்தினால் ஆறு வருஷம். மோட்டார் சட்டம். எங்கே கிடந்தாளோ அங்கேயே வைத்துவிடு. வண்டியையும் நகர்த்தாதே. நகர்த்தினால் அதற்குத் தனியாக.

“வெச்சாங்களா?”

“மண்டோரும் எங்க வீட்டுக்காரருமா எறக்கி வெச்சாங்க. அதுக்குள்ள அவ போயிட்டாளாம். மாடு ரத்த வாடைக்கு மிரண்டுச்சு. அவுத்துக் கோயில்கிட்டயே கட்டினோம். கிராணி போலீஸுக்குப் போனாரு. நான் குடம் குடமாத் தண்ணி கொண்டாந்து பலகையைத் தேய்ச்சேன். போலீஸ் பார்த்தா ஆறு வருஷமாச்சே. வண்டியை ஒம்பது மணிலேர்ந்து அங்கதான் நிறுத்தினேன்னு சொல்லிட்டா வெறும் அபராதம்தான்னு கிராணி மண்டோர்கிட்ட சொன்னாரு. ஊரே சத்தியம் பண்ணுச்சு. ஒருத்தர் விடாம.” அவள் மூக்கைத் துடைத்தாள். “கிள்ளான் போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு மாத்தா மாத்தாதான் சொன்னான், அபராதம் இல்ல, ரெண்டு வருஷம்னு. ஆறுக்கு ரெண்டு தேவலாம்தான். இருந்தாலும் மனசு கேக்கல. அதான் உங்ககிட்ட வந்தேன்.”

சபாபதி எதிரே இருந்த விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்தார். தொப்பியை முழங்காலில் வைத்தார்.

“இராஜம்மா, அப்படி ஒரு சட்டம் கிடையாது.”

“எப்படி?”

“அடிபட்டவங்களைத் தூக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம். எந்த ஊர்லயும் கிடையாது.”

அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே காலடிச் சத்தம் கேட்டது. ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ரெங்கசாமி வந்தார். ஐம்பது வயது. காக்கி அரைக்கால்சட்டை, கையில் பிரம்பு. பின்னால் சீதாலெட்சுமியும் பவுனம்மாளும். அவர்களுக்குப் பின்னால் லயத்து ஆட்கள் பத்துப் பேர் இருக்கும்.

“ஐயா, நல்ல மனுசனா இருக்கீங்க,” என்றார் ரெங்கசாமி. “இதை இப்படியே விட்ருங்க. நாங்க ஊரா சேர்ந்து பக்கிரியைப் பார்த்துக்கறோம்.”

“மண்டோர் அண்ணே,” என்றாள் இராஜம்மா. “அப்படி ஒரு சட்டமே இல்லையாம்.”

ரெங்கசாமி சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவர் சபாபதியைப் பார்த்தார்.

“பெரிய கிராணி இங்கிலீசு படிச்சவருங்க.”

“நானும் படிச்சிருக்கேன். இல்லை.”

“தொரைங்க சட்டம்—”

“யார் சட்டத்திலயும் இல்லை. தூக்கிட்டு ஓடியிருந்தா உங்களுக்கு நன்றி சொல்லியிருப்பாங்க.”

ரெங்கசாமி பிரம்பைச் சுவரில் சாய்த்து வைத்தார். அது சரிந்து விழுந்தது. எடுக்கவில்லை.

“கிராணி பதினொண்ணு பத்துக்குக் கெளம்பினார்,” என்றார் சபாபதி. “முக்காலுக்கு ஸ்டேஷன். ஒம்பது மைலுக்கு முப்பத்தஞ்சு நிமிஷம். மத்த நாள்ல எவ்வளவு நேரத்தில போவார்?”

“கால் மணி,” என்றார் ரெங்கசாமி. “அதுக்குள்ள போயிருவாரு.”

கிரிகரி விரலில் கணக்குப் போட்டான். “மணிக்குப் பதினஞ்சு மைல்,” என்றான். “பலகையில போட்ட வேகம். அன்னைக்கு ஒரு நாள்தான் அதை மதிச்சிருக்காரு.”

“ஆஸ்பத்திரியும் கிள்ளான்லதானே இருக்கு,” என்றாள் பவுனம்மாள். யாரிடமும் சொல்லவில்லை. “காலி மோட்டாரு. கிள்ளானுக்குத்தான் போச்சு.”

அவர்களுக்கு அது இப்போதுதான் தெரிவதுபோல இருந்தது. சபாபதிக்கு அந்த முகங்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பார்த்துத்தான் ஆக வேண்டும். ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

“ரெங்கசாமி, அவளை எறக்கி வெச்சது நீங்க.”

“நானும் பக்கிரியும்.”

“அப்ப அவ செத்திருந்தாளா?”

ரெங்கசாமி இராஜம்மாவைப் பார்த்தார்.

“செத்துட்டான்னுதானே சொன்னீங்க,” என்றாள் இராஜம்மா. “நான் தண்ணி மொண்டுக்கிட்டு வந்தப்ப செத்துட்டான்னு சொன்னீங்களே.”

“தண்ணி கேட்டா,” என்றார் ரெங்கசாமி.



“ரோட்டுல வெச்சப்புறமா?” என்றார் சபாபதி.

“ஆமா. ரெண்டு வாட்டி கேட்டா.”

“குடுத்தீங்களா?”

“தொடக்கூடாதுன்னாரே.”

இராஜம்மா எழுந்தாள். அவள் மாட்டுக்கு வைத்த வாளி காலில் இடறிக் கவிழ்ந்தது. தண்ணீர் கூட்டத்தை நோக்கி ஓடியது. எல்லோரும் காலை நகர்த்தினார்கள்.

“எவ்வளவு நேரம்?” என்றார் சபாபதி.

“அரை மணி இருக்கும். போலீஸ் வர்றதுக்கு முன்னாடியே அடங்கிடுச்சு.”

“நீங்க எல்லாரும்?”

சீதாலெட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “சுத்தி நின்னோம்,” என்றாள். “வெயில் படாம நின்னோங்கய்யா.”

கிரிகரி வெளியே போனான். திரும்பி வந்து, முன்பு நின்ற இடத்தில் நின்றான்.

லாக்கப்பில் ஒருவன் தரையைப் பார்த்தபடி எல்லாவற்றுக்கும் ஆமாம் சொன்னது சபாபதிக்கு இப்போது விளங்கியது. அவன் அபராதத்துக்குப் பயப்படவில்லை. ஆறு வருஷத்துக்கும் பயப்படவில்லை. யாராவது ஏதாவது தண்டனை கொடுத்தால் போதும் என்று உட்கார்ந்திருந்தான்.

“நாளைக்கு இதைக் கூண்டில சொல்லணும்,” என்றார் சபாபதி. “நீங்க சொல்லணும், ரெங்கசாமி. மோட்டார் எப்படி வந்துச்சு, வண்டி எங்க நின்னுது, யார் என்ன சொன்னது, அவ என்ன கேட்டா. எல்லாம்.”

“சொன்னா என் பேரை வெட்டிருவாரு. லயத்தை விட்டுப் போகணும்.”

“ஆமாம்.”

“பக்கிரி வெளிய வந்துருவானா?”

“வந்துருவான்.”

“பெரிய கிராணி?”

“கூண்டில ஏறுவார். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது.”

“எனக்கு என்ன ஆகும்?”

“தெரியாது,” என்றார் சபாபதி. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை.

ரெங்கசாமி தலைத்துண்டை அவிழ்த்தார். முகத்தைத் துடைத்தார். மறுபடி கட்டவில்லை.

*

கடைசி பஸ் இரண்டு மணிக்கே போய்விட்டது. மூன்று மணிக்கு இராஜம்மா மாட்டைப் பூட்டினாள். ஒன்பது மைல். மாட்டு நடையில் இருட்டுவதற்குள் கிள்ளான் போய்விடலாம். அங்குள்ள கோயில் மண்டபத்தில் படுத்திருந்து காலையில் கோர்ட்டுக்குப் போகலாம்.

சீதாலெட்சுமி ஏறினாள். பவுனம்மாள் ஏறி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் நெருங்கி உட்கார்ந்தார்கள், பலகையின் நடுவை விட்டுவிட்டு.

“ஏறுங்க மண்டோர்,” என்றான் கிரிகரி.

ரெங்கசாமி ஏறவில்லை. வண்டிக்குப் பின்னால் நடந்தார். சபாபதியும் கிரிகரியும் அவரோடு நடந்தார்கள். ஒரு மைல் தாண்டியதும் கிரிகரி செருப்பு கடிப்பதாகச் சொன்னான்.

இரண்டாவது மைலில் பின்னால் ஹாரன் கேட்டது. கறுப்பு மோட்டார் வண்டியைத் தாண்டிப் போய், இருபது கெஜம் தள்ளி ஓரமாக நின்றது. ராதாகிருஷ்ணன் கண்ணாடியை இறக்கினார். வண்டியில் யார் யார் என்று பார்த்தார். பின்னால் நடப்பவர்களைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் மாறவில்லை. கையை நீட்டிப் பின்கதவைத் திறந்தார்.

“என்ன ரெங்கசாமி, இந்த வயசுல இவ்வளவு தூரம் நடக்கலாமா? நானும் கிள்ளானுக்குத்தான் போறேன். வா, பேசிக்கிட்டே போகலாம். வண்டியில எடம் இருக்கு.”

ரெங்கசாமி நின்றார். திறந்த கதவைப் பார்த்தார். உள்ளே பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாக அவர் அந்த மனிதருக்குச் சரிங்க என்று மட்டுமே சொல்லியிருந்தார்.

“அன்னைக்கும் இருந்துச்சுங்க,” என்றார்.

மாட்டு வண்டி மோட்டாரைக் கடந்து போனது. அவர் அதன் பின்னால் நடந்தார்.